காஞ்சித் துறவியும் கோழிக்கோட்டுச் செட்டியும்

பீர்க்கன்கரணையில் விடியும்முன்னே ஜி.எஸ்.டி. சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளில் எங்கள் தெருப் பெண்ணும் ஒருத்தி. சுங்குவார்சத்திரம் பக்கம் தைவான்காரர்கள் ஆலையில் வேலை. சின்ன நோட்டில் சீன வார்த்தைகளைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கிறாள்: வணக்கத்துக்கு ‘நீ ஹாவ்’, நன்றிக்கு ‘ஷியே ஷியே’, மன்னிப்புக்கு ‘துய் பு ச்சி’.

“பெரியவரைப் போய் எப்படி அங்கிள் ‘நீ’ன்னு சொல்றது?” என்று தயங்கினாள். அங்கே அது மரியாதைக் குறைவல்ல, இன்னும் பணிவாகச் சொல்ல ‘நின்’ இருக்கிறது என்றேன். இவளுக்கு முன்னால் பிழைப்புக்காக இந்தப் பேச்சைப் படித்த நம்மவர் யார்? கேள்வி என்னை விடவில்லை. புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

முதலில் அகப்பட்டவர் வஜ்ரபோதி. பல்லவர் காஞ்சியோடு தொடர்புள்ள பௌத்தத் துறவி. இலங்கையிலிருந்து கப்பலேறி, ஸ்ரீவிஜயம் வழியாக 719 வாக்கில் சீனக் கரை சேர்ந்தார். அப்போது வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. ஊர் திரும்பாமலே 741-ல் லோயாங்கில் காலமானார். அவர் மொழிபெயர்த்த மந்திர நூல்கள் இன்றும் இருக்கின்றன. இறங்கிய முதல் வாரத்தில் கஞ்சிக்கு என்ன சொல்லிக் கேட்டார் என்பதைத்தான் எவரும் எழுதிவைக்கவில்லை.

அடுத்தது சீனாவின் சுவான்சோ துறைமுகம். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று 1956-ல் அங்கே கிடைத்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர் மன்னர் செகசை கான் உடல்நலத்துக்காக, அவருடைய ஆணை பெற்று, சிவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் இருக்கிறது. தமிழ் வரிகளுக்கு அடியில் சீன எழுத்தில் ஒரு வரி. வேற்றூரில் கோயில் எழுப்ப அனுமதி வாங்குவது சும்மா நடக்கிற காரியமா? எத்தனை வாசலில் எத்தனை முறை வணங்கிப் பேசியிருக்க வேண்டும்! இலங்கையின் காலியில் 1911-ல் கிடைத்த, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் 1409-ஆம் ஆண்டு மும்மொழிக் கல்லிலும் சீனம், பாரசீகத்தோடு தமிழ் நிற்கிறது. ஆனால் கல்லில் ஏறுவதெல்லாம் தெய்வமும் காணிக்கையும்தான்.

வாய்ப்பேச்சுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்விட்டவர் செங் ஹேயின் கப்பலில் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவான். கோழிக்கோட்டுச் சந்தையைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியிருக்கிறார். சீனப் பட்டை ஒவ்வொன்றாக விரித்து விலை பேசுகிறார்கள். படிந்ததும் எல்லோரும் கையோடு கை சேர்க்கிறார்கள். பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறுவதில்லை. சீனர் மணிச்சட்டத்தில் போடுகிற கணக்கை இங்கே கைவிரல் கால்விரல் இருபதையும் வைத்தே போடுகிறார்கள், இம்மியும் பிசகுவதில்லை என்று வியக்கிறார். அங்கிருந்த வணிகர்களைச் ‘செட்டி’ என்றே சீன எழுத்தில் குறித்திருக்கிறார்.

மாதக்கணக்கில் நீண்ட அந்தப் பேரம் முழுக்க மொழிபெயர்ப்பாளர் வாய்வழியாகவே நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே எதிராளியிடம் நாலு நல்ல வார்த்தை அவன் மொழியில் சொல்லிப் பார்க்காத வியாபாரி உண்டா? பெயர் தெரியாத அந்தச் செட்டியைத்தான் நான் தேடிய ஆளாக எடுத்துக்கொள்கிறேன்.