டால்வின்னியில் ஒரு மிடறு

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது டால்வின்னி எனும் சிற்றூர். அங்குள்ள விஸ்கி வடிசாலைக்குச் சென்றிருந்தோம். முளைகட்டிய வாற்கோதுமையை மட்டுமே கொண்டு, ஒரே வடிசாலையில் வடித்து, ஓக் மரப் பீப்பாயில் 3 ஆண்டுகளேனும் வைத்ததே 'சிங்கிள் மால்ட்' எனப்படும். 1494-ஆம் ஆண்டின் அரசக் கணக்கேட்டில், 'உயிர்நீர்' வடிக்க மால்ட் பெற்றவராகக் காணப்படுபவர் ஜான் கோர் எனும் துறவி! சற்றே நாணினோம்.

உறைகுளிரில் வைத்திருந்த புட்டியிலிருந்து வார்த்துத் தந்தனர். குடியால் குலைந்த இல்லங்களின் கண்ணீரைப் பங்கிலே கண்டிருக்கிறோமாதலால் கை தயங்கிற்று. ஒரு மிடறு அருந்தினோம். எண்ணெய்போல் கனத்தது, மணமில்லை, காரமுமில்லை. கிண்ணம் உள்ளங்கைச் சூட்டில் சிறிது நேரம் இருந்த பின்னரே தேன்மணம் எழுந்தது. கூடவே, தொண்டையைச் சுடும் காரமும். குளிர் மறைத்து வைத்தது மணத்தை மட்டுமன்று!

உபசரித்தவர் மனம் நோகாதபடி நன்றி கூறி விடைபெற்றோம். மீதி கிண்ணத்திலேயே இருந்தது.