விடியும்வரை ‘ஓடுது’

கூத்து ஆய்வுக்கு வெளிக்கிட்ட எங்கள் மூன்று பேருக்கும் பைத்தன் தேவைப்படும் என்று கலைப்பீடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. மட்டக்களப்புப் பக்கம் ஓர் அண்ணாவியார் வீட்டில் நாலு வார இறுதிகள் இருந்து வடமோடிக் கூத்தின் ஆட்டங்களையும் தருக்களையும் போனில் எடுத்தோம். மொத்தம் 14 வீடியோ. மெமரி காட் நிரம்பிவிட்டது, சனிக்கிழமை திரும்பவும் போகவேணும். எல்லாத்தையும் சின்னதாக்கி லப்டொப்பில் போட்டுவிட்டு, காட்டில் இருப்பதை அழிப்பம் எண்டு முடிவெடுத்தோம்.

சின்னதாக்க எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது. 14 தரம் கட்டளை அடிக்கப் பஞ்சிப்பட்டு, பைத்தனில் ஒரு குட்டி நிரல் எழுதினோம். சப்புரோசஸ் தொகுதியில் உள்ள பீஓப்பன், எஃப்எஃப்எம்பெக்கைப் பின்னணியில் தொடக்கிவிட்டு உடனே எங்களிடம் திரும்பிவிடும். பிறகு ‘போல்’ என்று கேட்டால், வேலை முடியாதவரை ‘நொன்’ என்று பதில் வரும். நொன் வந்தால் திரையில் ‘ஓடுது’ என்று எழுதச் சொன்னோம், 10 செக்கனுக்கு ஒருக்கால். கடைசி வரியில், 14உம் முடிந்ததும் மூல வீடியோக்களை அழிக்கச் சொன்னோம். நிம்மதியாக நித்திரைக்குப் போனோம்.

விடிய எழும்பிப் பார்த்தால் திரை முழுக்க ஓடுது, ஓடுது, ஓடுது. ஆனால் லப்டொப்பின் ஃபான் சத்தமே இல்லை. வீடியோ சுருக்கிற மெஷின் இவ்வளவு அமைதியாக இருக்கக்கூடாது. இன்னும் மூன்றாவது வீடியோதான். அதன் ஃபைல், ராத்திரி நின்ற அளவிலேயே நின்றது.

காரணத்தைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. எஃப்எஃப்எம்பெக் சரியான வாயாடி. எத்தனை பிரேம் முடிந்தது, என்ன வேகம் என்று வேலை செய்தபடியே பிழைச்செய்தி வழியில் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வழியை நாங்கள் ஒரு பைப்பில் கொழுவிவிட்டு, வாசிக்கவே இல்லை. லினக்ஸில் ஒரு பைப் சாதாரணமாக 64 கிலோபைட்தான் கொள்ளும். சின்ன வீடியோ இரண்டும் அது நிரம்பமுன் முடிந்துவிட்டன. நீளமான மூன்றாவதில் பைப் நிரம்ப, யாராவது வாசித்து இடம் விடுவார்கள் என்று எஃப்எஃப்எம்பெக் பார்த்துக்கொண்டு நின்றது. அது முடிக்கும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். நொன் என்றால் செத்துப்போகவில்லை என்பது மட்டும்தான். வேலை செய்யுது எண்டு நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

திருத்தம் சின்னது: செய்திகளைப் பைப்புக்குப் பதிலாக ஒரு லொக் ஃபைலுக்கு அனுப்பினோம். ‘ஓடுது’ என்பதோடு ஃபைலின் அளவையும் எழுதச் சொன்னோம். அழிக்கிற வரியையும் மறித்துவிட்டுத்தான் திரும்ப ஓட்டினோம்.

இந்த முறை ஒன்பதாவது வீடியோ ஒரு செக்கனில் ‘முடிந்தது’. வெளியேறும் எண் 0 வந்தால்தான் வெற்றி. வந்தது வேறு எண். லொக்கில் ‘மூவ் அற்றம்’ இல்லை என்று கிடந்தது. எம்பி4இல் எந்த பிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அது. போன் அதைப் பதிவு முடியும்போதுதான் எழுதும். அண்ணாவியார் தன் தகப்பனிடம் பழகிய ஒரு தருவைப் பாடிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் இறங்கிப் போன் நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முதல் நிரல் தொங்காமல் ஓடியிருந்தால்? அது அந்த எண்ணைப் பார்த்திராது. நாங்கள் நித்திரையில் இருக்க, அந்தத் தருவையும் சேர்த்து அழித்திருக்கும்.

உடைந்த ஃபைல் காட்டில் இருந்தபடியால், அதே போனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து அன்ட்ரங்க் என்ற கருவியால் மீட்டோம். கடைசி அடி அரைவாசியில் நிற்கிறது. சனிக்கிழமை போய் அதை மட்டும் திரும்பப் பாடித் தரச்சொல்லிக் கேட்கவேணும். சாப்பாட்டுக் காசில் புதுக் காட் ஒன்று வாங்கியாச்சு.