நீதிமன்றத்துக்கு மனநிலை அறிக்கை எழுதுபவர்கள்

தடயவியல் உளவியலில் பட்டம் தரும் பல்கலைக்கழகம் இந்தியாவில் உண்டு. ஆனால் தடயவியல் உளவியலாளர் என்ற பெயரில் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் தனிப் பிரிவு கிடையாது. ஆகவே பென்னாகரம் போன்ற தாலுகா ஊரில் ஒருவரின் மனநிலை குறித்து நீதிமன்றம் கேட்டால், பதில் எழுதுபவர்கள் பல படிப்புகளிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள்: மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர். அறிக்கையின் எடை அவரவர் படிப்பைப் பொறுத்தது.

குற்றஞ்சாட்டப்பட்டவர் விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை என்று நடுவருக்குத் தோன்றினால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. முதலில் அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும்; மனநலம் குன்றியவர் என்று அவர் கண்டால், அரசு மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ அனுப்ப வேண்டும். பென்னாகரத்துக்கு மிக அருகில் உள்ளது 2008இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி.

சட்டம் இவ்விருவரையும் ஒரே வரியில் சொன்னாலும் இருவரும் வந்த வழி வேறு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மூன்றாண்டு எம்.டி. படித்தவர், மாத்திரை எழுதலாம். மருத்துவ உளவியலாளர் மருத்துவர் அல்லர். உளவியல் முதுகலைக்குப் பின், நோயாளிகளோடு மேற்பார்வையில் பயிலும் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்துப் பதிவு எண் பெற்றவர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் அவரை வரையறுக்கிறது. இந்தப் பயிற்சி 1950களில் பெங்களூரில், இன்று நிம்ஹான்ஸ் என்று அறியப்படும் நிறுவனத்தில் தொடங்கியது. பென்னாகரத்தாருக்குச் சென்னையைவிடப் பெங்களூரே பக்கம்.

இந்தப் பயிற்சிக்கு உண்மையான சோதனை பள்ளிக்கூடம் போகாதவரை மதிப்பிடும்போது வருகிறது. அறிவுத்திறன் குறைந்த பெண் பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவராக வந்தால், அவர் எவ்வளவு புரிந்துகொள்வார் என்று நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டும். பினே-காமத் தேர்வில் பேச்சும் படிப்பும் சார்ந்த கேள்விகள் அதிகம். பாட்டியா தேர்வு எழுத்தறிவில்லாதவருக்கும் பொருந்துவதுதான். ஆனால் 1955இல் உத்தரப்பிரதேசச் சிறுவர்களைக் கொண்டு தரப்படுத்தப்பட்டது. செகுவின் பலகையில் பத்து மரத்துண்டுகளை அதனதன் குழியில் பொருத்தச் சொல்லி மூன்று முறை நேரம் பார்ப்பார்கள். கை நடுங்கினாலும், உடன் வந்த காவலரைப் பார்த்து மிரண்டாலும் நேரம் நீளும். எண்ணை மட்டும் எழுதி அனுப்புவது அரைகுறைப் பயிற்சி. நேரம் ஏன் நீண்டது என்பதையும் எழுதுவதே வேலை.

அதோடு வைன்லாண்ட் அளவுகோலின் வழியே வீட்டாரிடம் அன்றாடம் பற்றி விசாரிப்பார்கள். “கடைக்கு அனுப்புனா மிச்சக் காசு சரியா வாங்கிட்டு வருமா?” என்ற ஒரு கேள்வி பல தாள்களைவிட அதிகம் சொல்லும். பெற்றோர் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருந்தால் பாட்டிதான் பதில் சொல்வார்; பேத்தி மேல் உள்ள பாசம் பதிலில் கலக்கும்.

சிறார் வழக்குகளில் பட்டியல் இன்னும் விரிகிறது. 16 வயது நிறைந்த சிறார் கொடுங்குற்றத்தில் சிக்கினால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி முதற்கட்ட மதிப்பீடு நடக்கும். உளவியலாளர் உதவியை நாட‘லாம்’ என்கிறது சட்டம். இளைஞர் நீதிக் குழும உறுப்பினர்களில் குழந்தை உளவியல் அல்லது மனநல மருத்துவம் படித்துத் தொழில் செய்பவர் இல்லாவிட்டால் அது கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை குடும்பத்தையும் ஊரையும் சொல்லும். அதை உளவியல் மதிப்பீடாக எண்ணக் கூடாது. இளவயதுத் திருமணம் போக்சோ வழக்காக மாறும்போது சிறுமியைச் சந்திக்கும் ஆற்றுப்படுத்துநர் பெரும்பாலும் சமூகப் பணியோ உளவியலோ முதுகலையில் படித்தவர். அவர் ஆறுதல் தரலாம், வழிகாட்டலாம்; நோயறிதல் எழுதுவது அவர் வேலையல்ல.

இவ்வளவு பேர் இருந்தும் தாலுகா அளவில் ஒரு சிக்கல் தீர்வதில்லை. சிகிச்சை தருபவரும் நீதிமன்றத்துக்கு மதிப்பிடுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது இத்துறையின் அடிப்படை ஒழுக்கம். நோயாளியின் நம்பிக்கையைக் காப்பது சிகிச்சையாளர் கடமை. மதிப்பீட்டாளரிடம் சொன்னதோ அறிக்கையில் ஏறும். ஆள் குறைந்த இடத்தில் மாத்திரை எழுதியவரையே அறிக்கையும் கேட்பது எளிதில் நேரக்கூடியது. அப்போது பேசத் தொடங்கும் முன்பே, ‘இன்று நீங்கள் சொல்வது நீதிமன்றத்துக்குப் போகும்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுவதே குறைந்தபட்ச நேர்மை.

பொய் கண்டறியும் கருவி, மூளை வரைவுச் சோதனை ஆகியவற்றை நடத்தும் ஆய்வகத்தார் தனி இனம். 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு சம்மதமின்றி அவர்கள் யாரையும் சோதிக்க முடியாது. மருத்துவமனையிலிருந்து வருபவரிடம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கக்கூடியவை வேறு: என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன, எத்தனை முறை பார்த்தீர்கள், எந்த மொழியில் பேசினீர்கள்.