23 கிலோ

அக்கா மகள் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறாள். பெட்டி கட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் வெளிநாடு போய்ப் படித்த முதல் ஆள் நான். அதனால் பெட்டி விஷயத்தில் என் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி தாமலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே போனில் எக்செல் பட்டியல் தயாராக இருந்தது. பெட்டி 23 கிலோ, கைப்பை 8 கிலோ. பட்டியலின் பெரும்பகுதி எதெல்லாம் வேண்டாம் என்பதுதான்.

கூடத்தில் பெட்டி வாயைத் திறந்து கிடந்தது. சுற்றிலும் மூன்று லிட்டர் குக்கர், இட்லிப்பொடி, பருப்புப்பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், ஒரு பாட்டில் நெய், இரண்டு போர்வை, ஃப்ரேம் போட்ட சாமி படம். நான் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தேன். போர்வை அங்கேயே வாங்கலாம். நெய் கூடவே கூடாது. இங்கிருந்து பால் பொருள், இறைச்சி எதையும் ஐரோப்பிய யூனியனுக்குள் விடமாட்டார்கள். அசல் சான்றிதழ்கள், ஏபிஎஸ் கடிதம், மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில். பெட்டி தொலைந்தாலும் அவை தொலையக் கூடாது.

"குக்கர் அங்கயே கெடைக்கும்மா."

"விசில் வருமா?"

"அங்க இருக்கறதுல பெரும்பாலும் வராது."

"விசில் இல்லாம வெந்துதுன்னு எப்படித் தெரியும்?"

பி.இ. படித்த என்னிடம் இதற்குப் பதில் இல்லை.

அப்பா உள்ளேயிருந்து ஜரிகை எடை போடும் சின்னத் தராசை எடுத்து வந்தார். பொடி டப்பாக்களை ஒவ்வொன்றாக வைத்து, கிராம் கணக்கில் எனக்குச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு எடை புதிதல்ல. பாவுக்கும் ஊடைக்கும் பட்டை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். ஜரிகைக்குக் கணக்கு மார்க். ஒரு மார்க் 242 கிராம். சேலையை நெய்து கொண்டுபோனால் அதையும் எடை போட்டு, கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறைந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் அறுந்த ஜரிகைத் துண்டைக்கூட அம்மா டப்பாவில் சேர்த்து வைப்பாள்.

ஆனால் இந்த ஊரில் எடை கூடுவது குறையல்ல. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வருகிறவர்கள் முதலில் அதைக் கையில் ஏந்திப் பார்ப்பார்கள். "நல்ல கனமா இருக்கே" என்றால் அது பாராட்டு. கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் ஓட்டி, கோர்வை போட்டு, ஜரிகையும் தாராளமாக விழுந்தால் ஒரு சேலை முக்கால் கிலோவைத் தாண்டும். "லைட் வெயிட்" என்று கடைக்காரர்கள் சொல்வதை அப்பா துணியாகவே மதித்ததில்லை. இந்த வீட்டிலிருந்துதான் நான் கனமில்லாமல் வாழ்வதைப் பெருமையாக நினைக்கிறவனாக வெளியே போனேன்.

2011-ல் நான் கிளம்பியபோது எனக்கு 20 கிலோதான். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது. இரண்டு தறியில் ஒன்றை விற்றிருந்தார்கள். அப்பா ஒரு பட்டு வேட்டி நெய்து பெட்டியின் அடியில் வைத்திருந்தார். "பட்டம் வாங்கும்போது கட்டிக்கோ." நள்ளிரவில் எல்லோரும் தூங்கிய பிறகு பெட்டியைத் திறந்து அதை எடுத்து பீரோவுக்குப் பின்னால் செருகினேன். அந்த இடத்தில் ஒரு அல்காரிதம் புத்தகத்தை வைத்தேன். அந்தப் புத்தகம் போன இடத்தில் நூலகத்தில் எட்டுப் பிரதி இருந்தது.

அப்போது எனக்குத் துணையாக இருந்தவர் சந்திரசேகர். 1930 ஜூலை 31-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறும்போது அவருக்கு வயது 19. போகும் வழியிலேயே கணக்குப் போட்டு, வெள்ளைக் குள்ள நட்சத்திரத்தின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். இன்று அதைச் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்கிறார்கள். 1983-ல் நோபல். மண்டையில் கொண்டுபோவதற்கு எடை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா? ஹாஸ்டலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன்.

மீதிக் கதையைப் பிறகுதான் படித்தேன். அவர் கிளம்பும்போது அம்மா சீதாலட்சுமி நோயாளி. அவர் தயங்கினார், போகச் சொன்னது அம்மாதான். 1931 மே மாதம் அந்த அம்மா இறந்தபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார். மறுபடி ஊருக்கு வந்தது 1936-ல். அவருக்கு முன்னால் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறிய ராமானுஜன் குடுமியை எடுத்து, கோட்டு போட்டுக்கொண்டார். அந்தக் கோலத்தை அம்மாவும் மனைவியும் பார்க்க வேண்டாம் என்று அவர்களை முன்பே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். கேம்பிரிட்ஜில் தன் சமையலைத் தானே செய்துகொண்டார். இவர்கள் இரண்டு பேரும் கையில் என்ன கொண்டுபோனார்கள் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டுப் போனது எவ்வளவு எடை என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

வேட்டியைப் பற்றி வீட்டில் யாரும் கேட்கவில்லை. பட்டமளிப்பு விழா போட்டோ அனுப்பினேன், வாடகை கோட்டில். "நல்லா இருக்குப்பா" என்றார் அப்பா. இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்து ஏதோ தேட பீரோவைத் திறந்தபோது வேட்டி மேல்தட்டில் இருந்தது, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி. நான் செருகும்போது இருந்த மடிப்பு இல்லை. வேறு மடிப்பு. பட்டை ஒரே மடிப்பில் விட்டால் அந்தக் கோட்டில் ஜரிகை முறிந்துவிடும். யாரோ அதை எடுத்து எடுத்து மாற்றி மடித்திருக்கிறார்கள். நான் பீரோவை மூடினேன். அப்போதும் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது கூடத்தில் அம்மா தானாகவே குக்கரை எடுத்து ஓரமாக வைத்தாள். "மாமா சொல்றத கேட்டுக்கோ கண்ணு. எத விட்டுட்டுப் போலாம்னு அவனுக்குத் தெரியும்." குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"குக்கர் போகட்டும்மா. ஜீன்ஸ் மூணு எதுக்கு? ரெண்ட எடுத்துடலாம்" என்றேன். அக்கா மகள் என்னை வினோதமாகப் பார்த்தாள். பட்டியலில் குக்கருக்கு எதிரே "வேண்டாம்" என்று சிவப்பில் போட்டிருந்தவன் நான்.

கடைசியாக அப்பா ஒரு சேலையைக் கொண்டுவந்தார். அரக்கு உடல், சன்னக் கரை. தராசில் வைத்தார். 412 கிராம். நான் கையில் வாங்கினேன், கனமே இல்லை. கோர்வை இல்லை, முந்தியில் இரண்டே கோடு ஜரிகை. வாழ்நாளில் அவர் இப்படி ஒரு சேலை நெய்து நான் பார்த்ததில்லை.

"இவ்ளோ லேசா நெய்ய மாட்டீங்களேப்பா?"

"பிளேன்ல போறதாச்சே. ஜரிகையக் கம்மியாப் போட்டேன்." தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உன்னுது கனமாப் போயிடுச்சில்ல."

எனக்குத் தலை நிமிரவில்லை. பதிமூன்று, பதினான்கு வருடமாக அவர் அந்த வேட்டியில் தன் கணக்கைத்தான் தப்பாக நினைத்திருக்கிறார். "இல்லப்பா, கனமெல்லாம் இல்ல, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். "சரி விடு" என்று எழுந்து தறிப் பக்கம் போய்விட்டார்.

தொங்கு தராசில் பெட்டியை மாட்டித் தூக்கினோம். 22.8. குக்கரும் சேலையும் உள்ளே. ஜிப்பை இழுக்கும் முன் அம்மா குனிந்து சேலையை ஒருமுறை தடவினாள்.

"கட்டலன்னாலும் பரவால்ல கண்ணு. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி எடுத்து மடிப்ப மட்டும் மாத்தி வை."