மதில் இல்லாத காலேஜ்

காட்பாடி ஜங்ஷனுக்கு வெளியே ஜட்கா வண்டிகள் வரிசை கட்டி நின்ற காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். குதிரைச் சாணமும் ஈரப்புல்லும் கலந்த வாடை, அதன்மேல் மீட்டர் கேஜ் எஞ்சினின் கரிப்புகை. ஒரு பக்கம் திருப்பதிக்கு, இன்னொரு பக்கம் விழுப்புரத்துக்கு அந்தக் குட்டி ரயில்கள் ஊதிக்கொண்டு கிளம்பும். இறங்கி வருகிறவர்களைப் பார்த்தே யார் எங்கே போகிறார்கள் என்று ஜட்காக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். கக்கத்தில் எக்ஸ்ரே கவர் இருந்தால் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. மொட்டையும் சந்தனமும் என்றால் மலையேறிவிட்டு வருகிறவர். 1984-க்குப் பிறகு புதுசாக ஒரு ரகம் வந்து சேர்ந்தது: தகரப் பெட்டி, சுருட்டிய படுக்கை, பைக்குள் அடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும் டி-ஸ்கொயர்.

“இஞ்சினீரிங் காலேஜா? ஏறு தம்பி.”

அந்த வருஷம்தான் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டது. முன்பு வந்தவாசித் தொகுதியின் எம்.பி.யாக இருந்த ஜி.விசுவநாதன் 180 மாணவர்களோடு வேலூர் எஞ்சினீரிங் காலேஜைத் தொடங்கினார். பெயரில்தான் வேலூர், இடம் பாலாற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் காட்பாடியில், திருவலம் சாலையில். வேலூரைப் பற்றி ஒரு நக்கல் பேச்சு உண்டே, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. அதில் சாமி மட்டும் 1981-ல் ஜலகண்டேஸ்வரராகக் கோட்டைக்குள் திரும்பியிருந்தார். “சாமி வந்துட்டாரு, காலேசும் வந்துடுச்சி, ஆத்துல தண்ணிதான் பாக்கி” என்பாள் ஆயா, திண்ணையில் காலை நீட்டி மல்லாட்டை உரித்தபடி.

காலேஜைச் சுற்றி எங்களுக்குத் தெரிந்து அப்போது மதில் இல்லை. இங்கே கொல்லை முடிகிறது, அங்கே காலேஜ் ஆரம்பிக்கிறது என்று கோடு கிழித்துக் காட்ட யாராலும் முடியாது. மல்லாட்டைச் செடி பிடுங்கும் நாட்களில் மண்வாசனை வகுப்புக்குள்ளேயே போயிருக்கும். நாங்கள் மாடு ஓட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவோம். அவர்கள் எங்கள் வரப்பு வழியாகத்தான் காந்தி நகருக்குக் குறுக்கே நடப்பார்கள். பச்சை மல்லாட்டையைக் கொத்தாகக் கொடுத்தால், எப்படித் தின்பது என்று தெரியாமல் விழிப்பான் பட்டணத்துப் பையன். உப்புப் போட்டு அவித்துக் காட்டினதும் மறுநாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

சர்வே பிராக்டிகல் இருக்கும் நாள் எங்களுக்கெல்லாம் திருவிழா. சிவில் பையன்கள் முக்காலி மேல் தியோடலைட்டைத் தூக்கி வைக்கிறார்கள். ஒருத்தன் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறான், இன்னொருத்தன் தூரத்தில் சிவப்பு வெள்ளைக் கம்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வதங்குகிறான். நாங்கள் வரிசையில் நிற்கிறோம், ஒரு தடவை எட்டிப் பார்க்க. உள்ளே எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது, ஆயாவின் எருமை உட்பட. பக்கத்துக் கொல்லைப் பெரியவர் மட்டும் சிரிக்க மாட்டார். “இன்னா தம்பி, ரோடு எடுக்கப் போறாங்களா? பட்டா என் பேர்லதான் இருக்குது” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். “சும்மா பழகுறோம் தாத்தா” என்பான் பையன். அவருக்கு நம்பிக்கை வராது. அவர் பயந்தது வீண் பயம் என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கள் அத்தை காந்தி நகரில் மெஸ் வைத்தாள். மெஸ் என்றால் போர்டெல்லாம் கிடையாது. கூடத்தில் நாலு பாய், வாழையிலை, பித்தளைக் குண்டானில் சாம்பார். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் வரும் பருவத்தில் எண்ணெயில் அது வதங்கும் வாசனை தெருமுனையிலேயே பிடித்து இழுக்கும். இப்போது அந்தக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது; அத்தைக்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை. ஆந்திராப் பையன்களுக்குக் காரம் போதாது என்று புளிச்சக்கீரைத் தொக்கு தனியாக எடுத்து வைப்பாள். அவளுக்குத் தெலுங்கு நன்றாக வரும். காட்பாடியில் யாருக்குத்தான் வராது? கணக்கெல்லாம் நாற்பது பக்க நோட்டில் இருக்கும். மணியார்டர் வர லேட்டானவன் பெயருக்கு நேரே ஒரு சுழி போடுவாள், அவ்வளவுதான். கேட்க மாட்டாள். மெட்ராஸ் யுனிவர்சிட்டி ரிசல்ட் வரும் நாளில் அவளும் பையன்களோடு சேர்ந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். அரியர் விழுந்தவனுக்கு அன்றைக்கு ஒரு கரண்டி நெய் கூடுதல்.

ராத்திரி எஸ்.டி.டி. பூத் வாசலில் கூட்டம் நிற்கும், கால் கட்டணம் ஆரம்பிக்கும் நேரத்துக்காக. கண்ணாடிக் கதவுக்குள் ஒருத்தன் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் பேசுவான். மலையாளம், தெலுங்கு, மதுரைத் தமிழ், எல்லாம் வெளியே கேட்கும். யார் வீட்டில் கல்யாணம், யார் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

2001-ல் காலேஜ் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. வி.ஐ.டி. என்ற மூன்றெழுத்து வந்தது. பட்டம் தர இனி மெட்ராஸைப் பார்க்க வேண்டியதில்லை. பிறகு வேகம்தான். பெரியார் பெயரில் நூலகம், ஜி.டி.நாயுடு பெயரில் கட்டடம், வெள்ளி விழா பெயரில் ஒரு கோபுரம். 2010-ல் சென்னை வளாகம், 2017-ல் போபாலும் அமராவதியும். உள்ளே நட்ட மரங்கள் இன்றைக்கு வளர்ந்து, மொட்டை மலைகளுக்கு நடுவே அந்த இடம் மட்டும் பச்சையாகத் தெரிகிறது. நம் ஊர்ச் சனங்கள் எத்தனையோ பேருக்கு அங்கே வேலை. காவலுக்கு நிற்கிறார்கள், பஸ் ஓட்டுகிறார்கள், சிலர் வீட்டுப் பிள்ளைகள் அங்கேயே படித்து வாத்தியாராகவும் இருக்கிறார்கள். வளர்ந்ததில் குறை சொன்னால் வாய் வெந்துவிடும்.

ஆனால் மதில் வந்தது. அதற்குள் ஹாஸ்டல், மெஸ், கடை, பாங்கு, ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. அன்றைக்கு அந்தக் காலேஜுக்குப் பாதி ஹாஸ்டலாகவும் பாதி கேன்டீனாகவும் இருந்தது நம் ஊர்தான். தலையெடுத்த பிள்ளைக்குத் தாய்வீடு தேவைப்படாதது மாதிரி, அதற்கு ஊர் தேவைப்படாமல் போயிற்று. இது துரோகம் இல்லை. பல்லாயிரம் பிள்ளைகளை நாலு பாயில் உட்கார வைத்து அத்தையால் சோறு போட முடியுமா? போன மாதம் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன். இங்கேதான் எருமை தலைகீழாகத் தெரிந்தது என்றேன். கேட்டில் இருந்த பையன், நம் பிரம்மபுரத்துப் பிள்ளைதான், “உள்ள போவ பாஸ் வேணும் பெரியப்பா” என்றான், சங்கடமாக. வெளியே கடைகளில் இந்தி போர்டு, மோமோ ஆவி, ஆப்பில் புக் செய்த ஆட்டோக்களின் ஹார்ன்.

அந்த முதல் பத்து வருஷத்தில் படித்தவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. பழைய மாணவர் கூட்டத்துக்கு வரும்போது ஸ்டேஷனிலிருந்து ஏ.சி. காரில் நேராகக் கேட்டுக்குள் போய்விடாதீர்கள். காந்தி நகரில் அத்தை வீடு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, முன்பக்கத்தை மொபைல் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போகலாம். காது கொஞ்சம் மந்தம், பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். நோட்டை அவள் தூக்கிப் போடவில்லை.