முதல் குண்டுக்கு முன்

புதிதாகப் பொருத்திய குறிநோக்கி, ரைஃபிளின் குழல் பார்க்கும் திசையிலேயே பார்க்கும் என்று நம்பிவிட முடியாது. அதைத் தாங்கும் இரண்டு வளையங்களுக்கும் நடுவே 12 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஒரு வளையம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே 100 மீட்டரில் குறி 8 செ.மீ. தள்ளிப்போகும். அரை மில்லிமீட்டர் விலகினால் 40 செ.மீ.க்கும் மேல்; குண்டு இலக்குக் காகிதத்தைத் தொடாமலே பின்னால் உள்ள மண்மேட்டில் புதைந்துவிடும். எங்கே போனது என்றே தெரியாத குண்டை வைத்து எதையும் திருத்த முடியாது. அதனால்தான் சுடுதளத்துக்குக் கிளம்புமுன் குழலையும் குறிநோக்கியையும் ஏறத்தாழ ஒரே புள்ளியைப் பார்க்கவைத்துவிடுகிறார்கள்.

இந்த வேலையை அதன் பழைய வடிவில் பார்க்க ஏற்ற இடம் ஆஸ்திரியாவின் தெற்கிலுள்ள ஃபெர்லாக். கரவாங்கன் மலையடிவாரத்தில், கிளாகன்ஃபர்ட் நகருக்குத் தெற்கே உள்ள இந்தச் சிற்றூரில் 16ஆம் நூற்றாண்டிலிருந்து துப்பாக்கிப் பட்டறைகள் இருக்கின்றன. 1878இல் தொடங்கிய தொழிற்பள்ளியில் இன்றும் இளைஞர்கள் அரம் பிடிக்கப் பழகுகிறார்கள். இங்கே செய்யப்படுவது பெரும்பாலும் வேட்டைத் துப்பாக்கி. அதிலும் ட்ரில்லிங் எனப்படும் மூன்று குழல் துப்பாக்கிக்குத் தனி மதிப்பு: பொதுவாக மேலே இரண்டு சிதறுகுண்டுக் குழல்கள், அடியில் ஒரு ரைஃபிள் குழல்.

இத்தகைய துப்பாக்கிகளில் குறிநோக்கியைக் கொக்கித் தாங்கிகளில் மாட்டுவது நெடுநாள் வழக்கம். குறிநோக்கியின் அடியிலுள்ள உலோகக் கால்கள் குழல்மேல் உள்ள பள்ளங்களில் கொக்கியாக இறங்கி, பின்பக்கத் தாழ்ப்பாளில் பூட்டிக்கொள்ளும். புதருக்குள் அருகில் சுட வேண்டியிருந்தால் வேட்டைக்காரர் அதை ஒரு கையால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். திரும்ப மாட்டும்போது குறி இம்மியும் மாறக் கூடாது. கம்மியரின் திறமைக்கு இதுதான் பரீட்சை. கால்களும் பள்ளங்களும் அரத்தால் இழைத்தே ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. எங்கே இடிக்கிறது என்று காட்டிக்கொடுப்பது விளக்குப் புகை. காலின்மேல் புகைக்கரி படியவிட்டு, பள்ளத்தில் இறக்கி எடுத்தால், உரசிய இடத்தில் மட்டும் கரி அழிந்து உலோகம் பளபளக்கும். அந்த இடத்தில் ஓர் இழைப்பு, மறுபடி கரி, மறுபடி இறக்கம். ஒரு ஜோடிக் கால்கள் சரியாக உட்கார மணிக்கணக்கில் ஆகும். விலைச்சீட்டில் அது தாங்கியின் விலைக்குள் அடங்கிப்போய்விடும். தொழிற்சாலையில் வார்த்துக் கடைந்த சுழல்தாங்கியும் தண்டவாளத் தாங்கியும் சந்தையைப் பிடித்ததற்கு இந்தக் கணக்கே காரணம். புதிய தாங்கிகள் மோசமானவை அல்ல. ஆனால் அவற்றை மாட்டுவதற்குக் கம்மியர் வேண்டியதில்லை, திருப்புவிசை காட்டும் ஒரு முறுக்கி போதும்.

குறிநோக்கியை வளையத்தில் இறுக்குமுன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, கண்ணுக்கும் பின்வில்லைக்கும் இடையே சுமார் 8 முதல் 10 செ.மீ. விடுவது, குறைத்தால் துப்பாக்கி உதைக்கும்போது வளைவிளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். மற்றொன்று, நெட்டிழை செங்குத்தாக நிற்பது. சுவரில் தொங்கவிட்ட தூக்குக்குண்டு நூலோடு இழையைச் சேர்த்துப் பார்ப்பதைவிட எளிய வழி கிடையாது. இழை சாய்ந்திருந்தால் பக்கத்தில் குறி சரியாக இருப்பதுபோல் தெரிந்து, தூரம் கூடக்கூட விலகல் வளரும்.

இனி குழல்வழிப் பார்வை. முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். மௌசர் 98 போன்ற ரைஃபிளில் போல்ட்டை உருவிவிட்டு, துப்பாக்கியை மணல்மூட்டைகள் மேல் அசையாமல் கிடத்துவார்கள். கீலில் மடியும் ட்ரில்லிங்கில் வேலை இன்னும் சுலபம்: குறிநோக்கி குழல்கள் மேலேயே இருப்பதால், குழல்களை மட்டும் கழற்றி, தோல் வைத்த வைஸில் பிடித்துக்கொள்ளலாம். பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் பார்த்தால் முனையில் ஒரு சிறு வெளிச்ச வட்டம் தெரியும். 50 மீட்டரில் வைத்த கறுப்புப் புள்ளியை அந்த வட்டத்தின் நடுவில் கொண்டுவர வேண்டும். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் நிறுத்துவதில் மனிதக் கண் வியக்கத்தக்க அளவுக்குத் துல்லியமானது. பிறகு துப்பாக்கியைத் தொடாமல், தலையை மட்டும் உயர்த்திக் குறிநோக்கி வழியே பார்த்து, குறுக்கிழை அதே புள்ளியில் விழும்வரை குமிழ்களைத் திருகுவது. கடைசியில் மறுபடி குழலுக்குள் ஒரு பார்வை. இதற்குள் துப்பாக்கி நகர்ந்திருக்கவும் கூடும்.

புதியவர்கள் குழம்புவது குமிழின் திசையில். குமிழ்மேல் உள்ள அம்புக்குறி குண்டு விழும் இடம் நகர்வதைக் காட்டுகிறது, இழையை அல்ல. இழை மேலே போக வேண்டுமானால் ‘கீழ்’ என்ற பக்கம் திருக வேண்டும். ஐரோப்பியக் குறிநோக்கிகளில் ஒரு கிளிக் பொதுவாக 100 மீட்டரில் 1 செ.மீ.; ஆகவே 50 மீட்டரில் அரை செ.மீ.

பின்பக்கம் மூடிய நெம்புகோல் ரைஃபிள்களில் இப்படிப் பார்க்க வழியில்லை. அவற்றுக்குக் குழல்வாயில் பொருத்தும் கட்டக்கண்ணாடிக் கருவியோ, தோட்டா வடிவ லேசரோ வேண்டும். லேசர் கவர்ச்சியான பண்டம். ஆனால் அதன் ஒளிக்கதிர் உறையின் அச்சிலிருந்து விலகியிருந்தால் பிழையைத் துல்லியமாகக் காட்டிக்கொண்டிருக்கும். கருவியைச் சுழற்றிப் பார்த்து, புள்ளி வட்டமடிக்கிறதா என்று சோதிக்காமல் நம்பக் கூடாது. வாயில் செருகிய கருவியை எடுக்க மறந்து சுட்டால் குழலே வெடிக்கலாம்.

இவ்வளவும் செய்தபின்பும் முதல் குண்டு புள்ளியில் விழாது. வினாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 50 மீட்டருக்குள் சுமார் 2 செ.மீ. இறங்கிவிடுகிறது. அதோடு, குண்டு வாயைத் தாண்டுவதற்குள்ளேயே குழல் அதிர்ந்து சற்று எழும்புகிறது. இந்த இரண்டாவது விஷயத்தைக் குழலுக்குள் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சுட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று குண்டுகள் விழுந்த இடங்களின் மையத்தை வைத்தே திருத்துவார்கள். ஒற்றைக் குண்டை நம்பித் திருகுவது தோட்டாவை வீணடிப்பது. ட்ரில்லிங்கில் பொறுமை கூடுதலாக வேண்டும். பற்றவைத்து ஒட்டிய குழல்களில் ஒன்று சூடேறி நீளும்போது மற்றவை இழுத்துப் பிடிப்பதால், அடுத்தடுத்துச் சுட்டால் குண்டுகள் படிப்படியாக இடம் மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் குழல் முழுதாக ஆற வேண்டும்.

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் வேட்டைக்காரர்கள் 100 மீட்டரில் குண்டு 4 செ.மீ. மேலே விழும்படி அமைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் 150 மீட்டரையும் தாண்டி, ஏற்ற இறக்கம் பார்க்காமல் நேராகவே குறிவைக்கலாம். அமைத்தபின் குமிழ்களின் அளவுகோலைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, குறிநோக்கியைக் கழற்றி, மறுபடி மாட்டி, ஆறிய குழலில் இன்னொரு குண்டு சுடுவார்கள். அதுவும் முன்பு விழுந்த இடத்திலேயே விழுந்தால் துப்பாக்கியை உரியவரிடம் கொடுக்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் புகைக்கரியும் அரமும்தான்.