கீறல் விழுந்த மீன் தொட்டி

வீட்டில் மீன் வளர்க்கும் அன்பர்களே, தொட்டித் தண்ணீரின் எடையைக் கணக்குப் பார்த்ததுண்டா? மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய 190 கிலோ. மூன்று பெரிய ஆட்களின் பாரம்!

என் அக்காள் மகன் அப்படியொரு தொட்டி வாங்கினான். மேல்தண்ணீர் வழிந்து, கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டிக்கு இறங்க வேண்டும் என்று பின்பக்கக் கண்ணாடியில் துளை போட்டான். துளைமுனை மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் 'டக்' என்றது. துளையின் ஓரத்தில் நகத்தளவு சில்லு பெயர்ந்துவிட்டது. அங்கிருந்து மயிரிழை போல இரண்டு அங்குலத்துக்கு ஒரு கீறலும் ஓடியிருந்தது.

"மாமா, சிலிக்கோன் தடவிவிட்டால் நிற்காதா?" என்று கேட்டான். அவனுடைய பெண் குழந்தை அந்தக் கூடத்தில்தான் நடை பழகுகிறாள்.

சில்லு வேறு, கீறல் வேறு. குழாய் இணைப்பின் ரப்பர் வளையம் சில்லைத் தாண்டி நல்ல கண்ணாடியில் படிந்து உட்கார்ந்தால் பயமில்லை. துளையே வேண்டாமென்றால், அதைவிடப் பெரிய கண்ணாடித் துண்டை உள்பக்கமாக ஒட்டி மூடலாம். தண்ணீரே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கீறல் அப்படியல்ல. சிலிக்கோன் மேலே படியுமே தவிர, பிளந்த கண்ணாடியை ஒன்றாக்காது. பாரம் ஏறினால் கீறல் இன்னும் ஓடும்.

ஆகவே பின்பக்கக் கண்ணாடியையே மாற்றச் சொன்னேன். அதே கனத்தில் புதுக் கண்ணாடி வெட்டி வாங்கினோம். பழைய சிலிக்கோனைச் சவர பிளேடால் முழுவதும் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்தோம். பழையதன்மேல் புதியது சரியாகப் பிடிக்காது. பூஞ்சைக்கொல்லி கலந்த சிலிக்கோன் மீனுக்கு ஆகாது; மீன் தொட்டிக்கென்றே விற்பதை வாங்குங்கள். ஒட்டி ஒரு வாரம் காயவிட்டோம். பிறகு வாசலில், சமமான பலகைமேல் வைத்து, சுற்றிலும் செய்தித்தாள் விரித்து, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினோம். ஒரு சொட்டு கசிந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும்.

துளை போட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பதப்படுத்திய கண்ணாடியில் துளை போடவே கூடாது, தூள்தூளாகிவிடும். கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடி ஓரத்துக்கும் துளைக்கும் நடுவே குறைந்தது துளையின் அகலமாவது இடம் விடுங்கள். மறுபக்கம் பலகையை அணைத்துக் கட்டுங்கள். வைரத்தூள் பதித்த துளைமுனையை மெதுவாகச் சுழலவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். கடைசியில் கையை இன்னும் இலேசாக்குங்கள். தண்ணீர் புழங்கும் வேலையாதலால் பேட்டரி இயந்திரமே நல்லது.

கண்ணாடிக்குக் கொடுத்த வெள்ளியை நினைத்து மருமகன் சலித்துக்கொண்டான். போன வெள்ளியைச் சம்பாதித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் நடமாடும் கூடத்தில் கீறல் விழுந்த கண்ணாடியை நம்பி 190 கிலோ தண்ணீரை நிறுத்தாதீர்கள்.